போக்குவரத்து விதிமீறினால் கார் காப்பீட்டுக் கட்டணம் உயருமா?

அத்திபெலே வழியாக ஓசூருக்கும் பெங்களூருக்கும் காரில் சென்று வருவோர், இரு மாநிலக் காவல் துறையிடமும் அபராதம் செலுத்த நேரிடலாம். அதனால் காப்பீட்டுக் கட்டணமும் உயருமா?

தற்போதைய நடைமுறையில் நேரடியாக உயராது. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தை என்ஜின் திறன் அடிப்படையில் மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் 1,000 சிசி வரையிலான தனியார் கார்களுக்கு அது ரூ.2,094; 1,500 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ரூ.7,897. ஓட்டுநர் எத்தனை முறை சிவப்பு விளக்கைத் தாண்டினார் என்பது இக்கணக்கில் சேராது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐஆர்டிஏஐ) அமைத்த குழு, 'போக்குவரத்து விதிமீறல் கட்டணம்' என்ற தனிப் பிரிவை 2021 ஜனவரியில் பரிந்துரைத்தது. மது அருந்தி ஓட்டினால் 100 புள்ளிகள்; தவறான இடத்தில் வாகனத்தை நிறுத்தினால் 10 புள்ளிகள். தில்லியில் சோதனை முறையில் தொடங்கலாம் என்றும் குழு கூறியது. கட்டணச் சுமை ஓட்டியவருக்கு அல்ல, வாகன உரிமையாளருக்கே என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. ஆனால், அத்திட்டம் நாடு தழுவிய நடைமுறையாகவில்லை.

விபத்து நேர்ந்தால் நிலைமை வேறு. ஓட்டியவர் மது அருந்தியிருந்தால், சொந்த வாகனச் சேதத்துக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம். விதிமீறல் இல்லாவிட்டாலும், இழப்பீடு கோரிப் பெற்றால், அதிகபட்சம் 50 சதவீதம் வரை கிடைக்கும் 'நோ கிளெய்ம் போனஸ்' தள்ளுபடி அடுத்த புதுப்பித்தலில் பறிபோகும்.