புலம்பெயர்ந்தோர் வரலாற்றில் ஆங்கில வழக்கும் திகதி முறையும்

புலம்பெயர்ந்த ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதும்போது, எந்த நாட்டு எழுத்துக்கூட்டலைக் கைக்கொள்வது, நாளையும் மாதத்தையும் எந்த ஒழுங்கில் இடுவது என்ற கேள்வி எழுகிறது. இலங்கையில் பிறந்து பிரித்தானியா, கனடா, ஐக்கிய அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் குடியேறியவர்களைப் பற்றி எழுதுவோர் இதை அடிக்கடி எதிர்கொள்கின்றனர்.

ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேட்டின்படி, ஒரு பொருள் எந்த ஆங்கிலம் பேசும் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையதோ, அந்த நாட்டு வழக்கையே கட்டுரை பின்பற்ற வேண்டும். தொடர்பு தெளிவாக இல்லையெனில், கட்டுரையில் ஏற்கெனவே உள்ள வழக்கை மாற்றக்கூடாது. பிறந்த மண்ணை மட்டும் வைத்து இதைத் தீர்மானிப்பது பொருந்தாது. ஒருவர் எங்கே வாழ்ந்து பெயர்பெற்றார் என்பதே முதலில் பார்க்க வேண்டியது. 1943இல் கொழும்பில் பிறந்த எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சி 1954இல் இங்கிலாந்துக்கும் 1962இல் கனடாவுக்கும் போனார். அவருக்குக் கனடிய ஆங்கிலம் போதும். அது ‘கலர்’ என்ற சொல்லில் பிரித்தானியரைப் போல ‘யு’ சேர்க்கும். ‘டயர்’ என்ற சொல்லில் அமெரிக்கரைப் போல ‘ஐ’ இடும். மெல்பேர்ணுக்குப் போன இலங்கைப் பறங்கியர் விடயத்தில் சிக்கல் குறைவு, ஏனெனில் இரு நாட்டு வழக்குகளும் பிரித்தானிய வழிவந்தவை.

ஆனந்த குமாரசுவாமி இவ்வளவு எளிதில் பிடிபடமாட்டார். 1877இல் கொழும்பில் பிறந்து, குழந்தையாக இங்கிலாந்து சென்று, இலங்கையில் கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்து, 1917 முதல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலை 1908இல் இங்கிலாந்தில் அச்சிட்டார்; ‘சிவ நடனம்’ 1918இல் நியூயோர்க்கில் வெளிவந்தது. இங்கே எந்த வழக்கை எடுத்தாலும் தவறில்லை. பாதி வழியில் மாற்றாதிருந்தால் சரி. எந்த வழக்கானாலும் ஊர்ச்சொல்லை விடக்கூடாது. கொழும்புச் சிறுவயதைச் சொல்லும் பத்தியில், சிற்றுண்டியைக் குறிக்கும் ‘ஷோட் ஈட்ஸ்’ அப்படியே நிற்கட்டும். ரொறன்ரோ வாசகருக்காக அதை மாற்றினால் கொழும்பு வெள்ளவத்தையின் மணம் போய்விடும்.

எழுத்துக்கூட்டல் பிழைத்தால் கண் உறுத்தும், அவ்வளவுதான். திகதி பிழைத்தால் ஆளே மாறிப்போகலாம். ஒண்டாச்சி பிறந்தது செப்டெம்பர் 12. கொழும்பில் 12/09/1943 என்று எழுதப்படுவதை அமெரிக்கர் டிசெம்பர் 9 என்று வாசிப்பார். கொழும்பில் பிறந்து 1958இல் லண்டன் சென்ற எழுத்தாளர் அ. சிவானந்தன் காலமான 03/01/2018, மார்ச் முதலாம் நாளாகிவிடும். ஆண்டில் 132 நாட்கள் இவ்வாறு இருபொருள் தரக்கூடியவை. குமாரசுவாமிக்கு இந்த ஆபத்தில்லை: பிறந்தது ஓகஸ்ட் 22, இறந்தது செப்டெம்பர் 9. இருபத்திரண்டாம் மாதம் கிடையாது, 09/09ஐப் புரட்டினாலும் அதேதான்.

கனடாவில் முழுவதும் எண்ணால் எழுதும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கே அரசு பரிந்துரைப்பது. நடைமுறையில் மூன்று ஒழுங்குகளும் புழங்குகின்றன. இலங்கைப் படிவங்கள் சிலவற்றில் ஆண்டு முந்தும், சிலவற்றில் நாள் முந்தும். ஆகவே ஐயம் வந்தால் மூல ஆவணத்துக்கே போக வேண்டும். இலங்கைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய ஆவண அறை கொழும்பு மாளிகாவத்தையில் இருக்கிறது. பிறப்பத்தாட்சிப் பத்திரப் பிரதிக்கு விண்ணப்பிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

இலங்கைத் தேசிய அடையாள அட்டை இலக்கமும் கைகொடுக்கும். பழைய ஒன்பது இலக்க எண்ணின் முதலிரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் பிறந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. எனவே மார்ச் 1இல் பிறந்த ஆணுக்கு 061, பெண்ணுக்கு 561. சிறுவயதிலேயே நாட்டைவிட்டுப் போனவரிடம் இந்த அட்டை இராது.

பிறந்த நாட்டின் பெயரிலும் கவனம் தேவை. ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் மாறிய 1972 மே 22க்கு முன் பிறந்தவர் ஆங்கிலக் குறிப்பில் சிலோனில் பிறந்தவரே. ‘இன்றைய ஸ்ரீ லங்கா’ என்று ஒருமுறை சேர்த்தால் போதும். திகதியில் மாதத்தை எண்ணால் இடாமல் எழுத்தால் இடுக. அப்படிச் செய்தால் நாள் முந்தினாலும் மாதம் முந்தினாலும் எந்த நாட்டு வாசகரும் பிழையாக வாசிக்கமாட்டார்.