சதுப்பேரியிற் பிறந்த கோட்பாடு: உணவுத் தொடர்பின் சக்திக் கணக்கு

உயிரினங்கள் ஒன்றையொன்று உண்டு வாழ்கின்றன என்பது மனிதன் தொன்றுதொட்டு அறிந்த செய்தி. வேடனும் மீனவனும் அதனை அறிவர். உழவனும் இடையனும் அறிவர். ஆயின் அவ்வுண்ணலை அளக்கலாம், பாசியையும் புழுவையும் மீனையும் ஒரே அலகினால் அளந்து ஒரே கணக்கேட்டிற் பதியலாம் என்ற எண்ணம் மிகப் பிந்தியது. அது முழுமையான கோட்பாடாக உரைக்கப்பட்டது 1942 ஆம் ஆண்டிலேயாகும். உரைத்தவர் 27 வயது நிறைவெய்து முன்னரே மறைந்த ரேமண்ட் லின்டமன் என்னும் அமெரிக்க ஆய்வாளர். அவர் உரைத்த கட்டுரையோ பிரசுரத்துக்கு ஏற்றதன்று என முதலில் மறுக்கப்பட்ட ஒன்று.

லின்டமனுக்கு வழி சமைத்தவர் இங்கிலாந்தின் சாள்ஸ் எல்ரன். 1921 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகக் குழுவினருடன் வடதுருவத்தை அடுத்த ஸ்பிற்ஸ்பேர்கன் தீவுகளுக்குச் சென்றபோது அவர் ஒரு மாணவரே. அங்கு உயிரின வகைகள் மிகச் சில. ஆதலின் எது எதனை உண்கின்றது என்பதை ஓரளவு முழுமையாகத் தொடர்ந்து காண முடிந்தது. வெப்பவலயக் காடொன்றிலே தம் ஆய்வைத் தொடங்கியிருப்பாராயின் எல்ரன் வழியறியாது திகைத்திருப்பார். கரடித்தீவின் உணவுத் தொடர்புகளைக் காட்டும் படத்தினைத் தாவரவியலாளரான சமர்ஹேஸ் என்பாருடன் சேர்ந்து 1923 இல் அவர் வெளியிட்டார். 1927 இல் வெளிவந்த ‘விலங்குச் சூழலியல்’ என்னும் அவரது நூல் உணவுச் சங்கிலி, எண்ணிக்கைக் கூம்பகம் ஆகிய கருத்துகளை நிலைநிறுத்தியது. சிறியன பல, பெரியன சில என்னும் நியதிக்கு எல்ரன் கூறிய காரணம் இனப்பெருக்க வேகமாகும். சிறிய விலங்குகள் விரைந்து பெருகுவதால் அவற்றின் மிகை பெரியவற்றுக்கு உணவாகின்றது என்றார் அவர். இவ்விளக்கம் ஓரளவுக்கே பொருந்தும். ஒரே மரத்தை ஆயிரக்கணக்கான புழுக்கள் உண்ணுமிடத்துக் கூம்பகம் தலைகீழாகிவிடுகின்றது. தலைகளை எண்ணுவது போதிய அளவையன்று என்பது இதனாற் புலனாகும்.

இதற்கிடையே ஜேர்மனிய ஏரியியல் அறிஞர் தீனமன் உயிர்களை உற்பத்தியாளர், நுகரிகள், பிரிகையாக்கிகள் என வகுத்திருந்தார். உயிருள்ளவற்றையும் அவற்றின் உயிரற்ற சூழலையும் ஒருங்கே குறிக்கும் ‘சூழற்றொகுதி’ என்ற சொல்லை 1935 இல் ஆதர் ரான்ஸ்லி வழங்கினார். சொல் பிறந்துவிட்டது, அதற்குரிய கணக்கு இன்னும் பிறக்கவில்லை.

லின்டமன் 1915 இல் மினசோட்டா மாநிலத்துப் பண்ணைக் குடும்பமொன்றிற் பிறந்தவர். மினசோட்டாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்காக அவர் தேர்ந்த களம் சீடர் பொக் ஏரி. ஏரி என்பதே அதற்கு மிகையான பெயர் எனலாம். ஏறத்தாழ ஒரு மீற்றர் ஆழமே கொண்டு, சேறு நிரம்பிச் சதுப்பு நிலமாக மாறிக்கொண்டிருந்த ஒரு நீர்நிலை அது. அதன் சிறுமையே ஆய்வுக்கு வாய்ப்பாயிற்று. நுண்ணிய அல்காக்கள் முதல் மீன்கள் வரை, ஏறக்குறைய ஐந்தாண்டு காலம், பனிக்கட்டி மூடிய குளிர்காலத்திலும் அவர் மாதிரிகளைத் திரட்டினார். அவருடைய மனைவி எலினோர் களப்பணியில் உடன் உழைத்தார்.

அச்சேற்றிலேதான் ஒரு சிக்கல் எழுந்தது. மெல்ல மடிந்துகொண்டிருக்கும் நீர்த்தாவரம் ஒன்றின் தண்டிலே உயிருள்ள நுண்பாசிகள் ஒட்டி வளர்கின்றன. அடியிற் படிந்த உக்கற்பொருளிலே பற்றீரியாக்கள் பெருகுகின்றன. அவற்றைச் சேற்றோடு சேர்த்தே புழுக்கள் உண்கின்றன. இவற்றுள் எது உயிர்க்கூட்டம், எது சூழல்? இரண்டுக்கும் இடையே கோடு கிழிக்க லின்டமனால் இயலவில்லை. ஆகவே முழு ஏரியையும் ஒரே தொகுதியாகக் கொண்டு, அதனூடே பாயும் சக்தியை அளப்பதே பொருத்தமென அவர் துணிந்தார். ரான்ஸ்லியின் சொல்லுக்கு உண்மையான பயன்பாடு கிடைத்தது இவ்வாறே.

1941 இல் அவர் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஹச்சின்சனுடன் பணியாற்றினார். ஹச்சின்சன் லடாக்கின் மலையேரிகள் வரை ஆராய்ந்தவர். கணிதச் சிந்தனையை அஞ்சாதவர். அங்கு செப்பமுற்ற கட்டுரையிற் காணப்படும் கணக்கு வருமாறு. ஓராண்டிலே சீடர் பொக் ஏரியின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறத்தாழ 1,18,900 கலோரி சூரிய சக்தி விழுகின்றது. தாவரங்கள் பற்றிக்கொள்வது 111 கலோரி. தாவரவுண்ணிகளைச் சேர்வது 14.8, அவற்றை உண்பனவற்றைச் சேர்வது 3.1 மாத்திரமே. ஒவ்வொரு போசணை மட்டத்திலும் உயிர்கள் சுவாசிக்கின்றன. சுவாசத்தில் எரிந்தது வெப்பமாக வெளியேறுகின்றது. வெளியேறியது உணவாக மீள்வதில்லை. எல்ரனின் கூம்பகத்துக்கு இப்போது வெப்ப இயக்கவியலின் அடித்தளம் கிடைத்தது. பெருவிலங்குகள் அருகியே காணப்படுவது அவை மெதுவாகப் பெருகுவதனால் மட்டுமன்று. அவற்றை எட்டும் சக்தியே சொற்பம்.

‘சூழலியல்’ என்ற அமெரிக்க ஆய்விதழ் இக்கட்டுரையை இரு முதுபெரும் ஏரியியலாளரின் மதிப்பீட்டுக்கு அனுப்பியது. ஒருவர் விஸ்கொன்சினின் சான்சி ஜூடே. மற்றவர் மிச்சிகனின் போல் வெல்ச். இருவரும் மறுத்தனர். ஓரிரு ஏரிகளின் தரவிலிருந்து இத்துணைப் பெரும் பொதுவிதியைப் பெறலாகாது, கோட்பாட்டுக்கு இன்னும் காலம் கனியவில்லை என்பதே அவர்களது நிலைப்பாடு. இதில் ஒரு முரண் உண்டு. சீடர் பொக் ஏரியோடு ஒப்பிடுவதற்கு லின்டமன் எடுத்தாண்ட மென்டோட்டா ஏரியின் கணக்கு ஜூடேயே 1940 இல் வெளியிட்டதாகும். வாழ்நாள் முழுதும் திரட்டிய எண்களை வேறொருவர் வந்து பொருள்படுத்தியபோது, திரட்டியவருக்கு அப்பொருள் ஏற்புடையதாகவில்லை. ஆயினும் மறுத்தவர்களைக் குறுகிய நோக்கினர் எனத் தள்ளிவிடுதல் நியாயமன்று. தரவு மெய்யாகவே மெலிந்தது. சுவாச இழப்புக்கு லின்டமன் செய்த திருத்தங்கள் பல மதிப்பீடுகளே. ஏரிகளை நன்கறிந்தவர்களின் ஐயம் அது.

ஹச்சின்சன் பத்திராதிபர் தோமஸ் பார்க்குக்கு நீண்ட கடிதம் எழுதினார். கருதுகோள் இன்றித் தரவைக் குவிப்பதனாற் பயனில்லை என வாதிட்டார். கட்டுரை திருத்தப்பட்டது; பார்க் தம் மதிப்பீட்டாளரின் முடிவுக்கு மாறாக அதனை ஏற்றார். நெடுநாளாக ஈரல் நோயால் வருந்திய லின்டமன் 1942 யூன் 29 இல் இறந்தார். கட்டுரை ஒக்டோபரில் வெளிவந்தது. மறுப்பின் வரலாறு பரவலாகத் தெரியவந்ததோ 1977 இல், ‘சயன்ஸ்’ இதழில் அது எழுதப்பட்ட பின்னரே.

ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்குப் பத்து வீதமே செல்லும் என்னும் ‘லின்டமன் விதி’ இன்றும் பாடநூல்களிற் காணப்படுகின்றது. அவர் அவ்வாறு விதி எதனையும் வகுக்கவில்லை. மேலே செல்லச் செல்லத் திறன் கூடும் என்பதே அவரது கருத்து. அவர் ஏரியில் அது 13.3 வீதத்திலிருந்து 22.3 வீதமாக உயர்ந்தது. அக்கருத்துப் பொதுவிதியாக நிலைக்கவில்லை. புளோரிடாவின் சில்வர் ஸ்பிறிங்ஸ் நீரூற்றிலே ஹவார்ட் ஓடம் செய்து 1957 இல் வெளியிட்ட ஆய்வில், தாவரங்கள் சதுர மீற்றருக்கு ஆண்டுதோறும் பற்றிய 20,810 கிலோகலோரியில் தாவரவுண்ணிகளை அடைந்தது 3,368. ஊனுண்ணிகளை அடைந்தது 383. உச்ச ஊனுண்ணிகளை அடைந்தது 21. இங்கு திறன் படிப்படியாகக் குறைகின்றது. எண்களைப் பொறுத்தவரை ஜூடேயின் ஐயம் வீண்போகவில்லை. கணக்கிடும் முறையைப் பொறுத்தவரை லின்டமனே நின்றார். ஓடம் அளந்ததும் அம்முறையாலேயே.

அம்முறையின் ஒரு விளைவு, சங்கிலி குறுகியதாயின் அதன் முடிவிற் கிடைக்கும் உணவு மிகும் என்பது. இதற்கு இலங்கைக் குளங்கள் சான்றாகும். 1952 இல் இங்கு கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன், தாவரப் பிளாந்தனையும் உக்கற்பொருளையும் நேரே உண்ண வல்லது. பாசிக்கும் மனிதனுக்கும் இடையே ஒரே மீன் நிற்பதனால், பெரிய இயற்கை ஏரிகள் இல்லாத இந்நாட்டின் நீர்ப்பாசனக் குளங்களில் அது முதன்மையான பிடிமீனாயிற்று. பொலநறுவையின் பராக்கிரம சமுத்திரத்தில் ஒளித்தொகுப்பு முதல் மீன்கொத்தி உண்ணும் பறவைகள் வரை ஒஸ்திரிய, இலங்கை ஆய்வாளர் இணைந்து செய்த ஆராய்ச்சி, ஷீமரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1983 இல் நூலாயிற்று. அங்கு எழுதப்பட்ட கணக்கும் சீடர் பொக் ஏரியின் கணக்கேட்டிலே தொடங்கியதுதான்.