ஓடையை அளவுகோலாகக் கொள்ளல்: பொகவந்தலாவை மாணிக்கக்கல் அகழ்வும் காட்டுயிர் வாழிடமும்

தேயிலைத் தோட்டக் காணியில் மாணிக்கக்கல் அகழ அனுமதி கோரப்படும்போது, அங்குள்ள உயிர்ச்சூழலை எதைக்கொண்டு மதிப்பிடுவது? இன்றைய நடைமுறை காணித்துண்டின் பரப்பைப் பார்க்கிறது. ஓடையையும் அதன் நீரேந்து பரப்பையும் ஒன்றாக எடுத்தே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். ஹட்டனுக்கு அப்பாலுள்ள பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு அதற்குச் சான்று.

மலைநாட்டின் பழம்பாறைகள் சிதைந்து, அவற்றிலிருந்த கற்கள் நீரோடு வந்து பள்ளத்தில் படிந்த சரளை அடுக்கையே தொழிலில் ‘இல்லம்’ என்பர். ஆகவே அகழ்வோர் நாடுவது இப்பள்ளத்தாக்கில் ஓடும் கெசல்கமுவ ஓயாவின் கரைகளையும் அதன் கிளையோடைகளையும்தான். தேயிலை மலைச்சரிவுகளைப் பிடித்துக்கொண்டபோது, கொழுந்துக்கு உதவாத கிடங்குகளும் பாறையிடுக்குகளும் ஓடைக்கரைகளுமே மரஞ்செடியோடு எஞ்சின. காட்டுயிருக்கு மிஞ்சிய இடமும் கல் கிடைக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. சிக்கலின் வேர் இதுவே.

ஓடைக்கரையில் ஒரு பிடி சருகை விலக்கிப் பார்த்தால் இழப்பின் அளவு புரியும். இலங்கைக்கே உரிய சிறு மரத்தவளைகள் பலவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. பெண் தவளை ஈரமண்ணில் முட்டையிட, அதிலிருந்து முழுத் தவளைக்குஞ்சே வெளிவருகிறது. மேல்மண்ணைப் புரட்டினால் ஒரு தலைமுறை அப்படியே அழியும். நன்னீர் நண்டுகள் கற்களின் அடியிலுள்ள இடைவெளிகளில் ஒதுங்குகின்றன. கல் கழுவிய சேறு அந்த இடைவெளிகளை அடைத்துவிடும். மலையோடைகளை அண்டி வாழும் இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி, நிழலும் தெளிநீரும் சேர்ந்திராத இடத்தில் தங்காது.

பெருவிலங்குகளுக்கும் ஓடைக்கரை வேண்டும். 2020 மே மாதம் நல்லத்தண்ணி, லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் சிக்கி, மீட்கப்பட்ட பின் சிகிச்சையிலிருந்தபோது மாண்டது. சிவனொளிபாதமலைச் சரணாலயத்தின் எல்லைக்கோட்டைச் சிறுத்தை அறியாது. இந்நிகழ்வு காட்டுவதுபோல், தோட்டங்களும் அதன் நடமாட்டப் பரப்பே. ஓடையோரப் புதர் அழிந்தால் காட்டுத் துண்டுகளுக்கிடையே அது மறைந்து செல்லும் வழியும் அழியும்.

1993ஆம் ஆண்டு வர்த்தமானிப்படி, ஒட்டுமொத்தமாக 10 ஹெக்டேயரைத் தாண்டும் மேற்பரப்பு அகழ்வுக்கும் 25 மீற்றரைத் தாண்டும் ஆழ அகழ்வுக்கும் சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவை. சிறு மாணிக்கக் குழி இவ்விரு வரம்புகளுக்குள்ளும் அடங்கிவிடும். ஒரே ஓடைக்கரையில் அடுத்தடுத்து வழங்கப்படும் அனுமதிகளைக் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்.

கையால் தோண்டும் குழி இயந்திர அகழ்வைவிடத் தீங்கு குறைந்தது, வேலை முடிந்ததும் மூடப்படுகிறது, வறிய குடும்பங்களுக்குப் பிழைப்பும் தருகிறது என்பது எதிர்வாதம். முதற்கூற்று உண்மை. ஆயினும் மூடிய குழி நிலமட்டத்தை மீட்டாலும், நீர் அடுக்கிய சரளைப் படுகையை மீட்பதில்லை. கலங்கிய நீரோ காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. தோட்டக் காணி 1992 முதல் கம்பனிகளின் கையில் உள்ளது. நிலவுரிமை இல்லாத லயத்துக் குடும்பத்துக்கு இந்த அகழ்வில் பெரும்பாலும் கூலியே மிஞ்சும்.

எப்பாவல பொஸ்பேற் வழக்கில் உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே, முழுமையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் முடியுமுன் அகழ்வு உடன்படிக்கை கூடாது எனத் தீர்ப்பளித்தது. அந்நெறி சிறு குழிகளின் கூட்டத்துக்கும் பொருந்த வேண்டும். ஓடைவாரியாக, இரு பருவமழைகளையும் இரவுநேரத்தையும் உள்ளடக்கிய ஓராண்டு உயிரினக் கணக்கெடுப்பு நடத்தப்பட வேண்டும். நாளும் மலையேறும் கொழுந்து பறிப்போரின் அவதானிப்பு அதில் பதிவாக வேண்டும். கரையோரப் பட்டையில் அகழ்வு தடுக்கப்பட வேண்டும். வேறிடத்தில், மேல்கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு நீர் தரும் நானுஓயாக் கரையில் நாளை விண்ணப்பம் வந்தாலும் இதுவே முறையாகட்டும். கணக்கெடுப்பு முடியும்வரை புதிய அனுமதி எதுவும் வழங்கப்படலாகாது.