மிகை மின்னழுத்தச் சேதமும் மின் வழங்குநர் பொறுப்பும்

வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் சாதனங்கள் தாங்கும் அளவைக் கடந்து உயர்வதால் அவை பழுதாவது மிகை மின்னழுத்தச் சேதம் எனப்படும். இடிமின்னல் முதலிய பல காரணங்களால் இது நேரலாம் என்றாலும், பொறுப்பு பற்றிய வழக்குகளில் கருதத்தக்கது, தமிழ்நாட்டு மின்பணியாளர் ‘நியூட்ரல் கட்’ என்று சொல்லும் நடுநிலைக் கம்பி அறுபடுதலாகும். மும்முனை வழங்கலில் ஒவ்வொரு மின்முனைக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையே 230 வோல்ட்டும், இரு முனைகளுக்கிடையே 400 வோல்ட்டும் இருக்கும். அக்கம்பி அறுந்தால் வெவ்வேறு முனைகளில் இணைந்த வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவைபோல் ஆகி, குறைவாக மின்சாரம் செலவிடும் வீட்டின்மேல் 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் விழும். சிக்கனமான வீடே கூடுதலாகப் பாதிக்கப்படுவது இதன் விந்தை.

இச்சேதத்துக்கு யார் ஈடு செய்வது என்பது, மின்சாரத்தைச் சட்டம் பொருளாகக் கொள்கிறதா, சேவையாகக் கொள்கிறதா என்பதைப் பெரிதும் சார்ந்தது. பழுதான பொருளால் விளையும் கேட்டுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் 1985ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறியாணை மின்சாரத்தையும் பொருளாகவே வரையறுத்தது. ஜெர்மனியின் பொருட்பொறுப்புச் சட்டமும் அவ்வழியே சென்றது.

2009இல் அந்நாட்டில் நடுநிலைக் கம்பிகள் அறுந்து ஒருவரது வீட்டின் மின்சாதனங்களும் வெப்பமூட்டியும் பழுதான வழக்கில், கூட்டாட்சி நீதிமன்றம் 2014 பிப்ரவரி 25 அன்று வலையமைப்பு நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. உயர் அழுத்தத்தை வீட்டுக்கு ஏற்ற தாழ் அழுத்தமாக மாற்றித் தருவதால் அந்நிறுவனமே உற்பத்தியாளர் என்றும், இல்ல இணைப்பின் வழியே வழங்கப்படும்போதுதான் மின்சாரம் புழக்கத்துக்கு வருகிறது என்றும் அது கொண்டது. இம்முடிவின் வலிமை, நிறுவனத்தின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டிய சுமையிலிருந்து நுகர்வோர் விடுபடுவதில் உள்ளது. எனினும் சேதத்தின் முதல் 500 யூரோவை அவரே ஏற்க வேண்டியிருந்தது. 2026 டிசம்பர் 9க்குப் பின் சந்தைக்கு வரும் பொருள்களுக்குப் பொருந்தும் 2024ஆம் ஆண்டின் புதிய நெறியாணையில் இந்த வரம்பு இல்லை.

இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ மின் வழங்கலைச் சேவைகளின் பட்டியலில் சேர்க்கிறது. ஆகவே நுகர்வோர் ஆணையத்தை நாடுபவர் சேவைக் குறைபாட்டை நிறுவியாக வேண்டும். மின்சாரச் சட்டம், 2003 உருவாக்கிய குறைதீர் மன்றமும், அதற்குமேல் மின் குறைதீர்ப்பாளரும் தனி வழியாக உள்ளனர். எவ்வழியாயினும், கம்பி அறுந்தது மீட்டருக்கு முன்பா, பின்பா என்பதே பொறுப்பைத் தீர்மானிக்கும் முதற்கேள்வி. மீட்டருக்குப் பின்னுள்ள வயரிங் வீட்டாரின் பொறுப்பாகும்.