ஒரு கருவேப்பிலை மரம், மூணு பேர்

எங்க ஊர் திருவண்ணாமலையில கருவேப்பிலை மரம் இல்லாத தெருவே கிடையாது. அந்த இலையில பறவை எச்சம் மாதிரி ஒரு புழு ஒட்டிக்கிட்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. வளர்ந்ததும் பச்சையாயிடும். சீண்டினா தலைக்குப் பின்னாலேர்ந்து கவட்டை மாதிரி ஒரு சிவப்புக் கொம்பை நீட்டி நாத்தம் கிளப்பும். இந்தக் கொம்புதான் பாபிலியோனிடே குடும்பத்தோட அடையாள அட்டை. தமிழ்ல 'அழகிகள்'. உலகம் முழுக்க 550 இனங்களுக்கு மேல. துணைக்குடும்பம் மூணு, ஒண்ணுல மெக்சிகோவில் வாழும் ஒரே ஒரு இனம், இன்னொண்ணு பெரும்பாலும் குளிர்மலைகள்ல. நம்ம ஊர்ல பறக்கறதெல்லாம் மூணாவது.

இப்போ மேட்டருக்கு வருவோம். 1758-ல் ஸ்வீடன்காரர் லின்னேயஸ் தன் புத்தகத்தின் பத்தாம் பதிப்பில், எல்லா பட்டாம்பூச்சிகளையும் 'பாபிலியோ' என்ற ஒரே பேரினத்தில் அடைத்தார். இரண்டாவது பேருக்கு கிரேக்கக் கதைகளில் கை வைத்தார். ட்ராய் ராஜா பிரியாமின் பிள்ளைகள் ஹெக்டர், பொலைட்டஸ், பம்மோன் மூணு பேரும் வந்தாச்சு.

ஹெக்டர்னா சிவப்பு உடம்புக்காரி, நம்ம சிவப்புடல் அழகி. பம்மோன் கருப்பு, பின்னிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. பொலைட்டஸுக்கு வெள்ளைத் திட்டும் சிவப்புப் பிறைகளும். 1775-ல் கிராமர் 'ரோமுலஸ்'னு இன்னொண்ணைச் சேர்த்தார்; அச்சு அசல் ஹெக்டர் மாதிரியே இருக்கும்.

விஷயம் என்னன்னா, பம்மோன், பொலைட்டஸ், ரோமுலஸ் மூணும் ஒண்ணுதான்! நம்ம கறிவேப்பிலை அழகி. முதலாவது ஆண், மத்த ரெண்டும் பெண். ஒரே ஆளுக்கு டேட்டாபேஸில் மூணு ரெக்கார்டு :-)

ஏன் இத்தனை வேஷம்? ஹெக்டரும் ரோஜா அழகியும் புழுவா இருக்கும்போது ஈஸ்வரமூலி வகைச் செடிகளைத் தின்னு அதோட விஷத்தை உடம்பில் சேர்த்து வைக்கும். பட்ட பறவை மறுபடி தொடாது. கருவேப்பிலை தின்னு வளர்ந்தவளுக்கு விஷம் கிடையாது, அதனால வேஷம். பெண்களில் சிலது ரோஜா அழகி மாதிரி, சிலது ஹெக்டர் மாதிரி, சிலது ஆண் மாதிரியே. ஆண் மட்டும் வேஷமே போடறதில்லை. இதையெல்லாம் 1860-களில் வாலஸ் விரிவா எழுதினார். பல ஜீன்கள் ஒட்டி நின்னு செய்யற வேலைன்னுதான் ரொம்ப நாள் நினைச்சாங்க. 2014-ல் கிருஷ்ணமேக் குந்தே குழு, 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே ஜீன்தான்னு காட்டியது.

கடைசியில் நிலைச்ச பேர் பாபிலியோ பொலைட்டஸ், அதாவது பெண்ணுக்கு வச்ச பேர். பம்மோன் பட்டியலிலிருந்தே காலி. அண்ணன் ஹெக்டரை 'பேக்ளியோப்டா'ங்கற வேற பேரினத்துக்கு மாத்திட்டாங்க.