கூண்டு ஏறாத ஊர்கள்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் புயல் – மழை எச்சரிக்கையின் வரலாறு

வங்கக்கடலில் புயல் உருவானால் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும். சென்னையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் எத்தனையாம் எண் கூண்டு என்பதே அன்றைய செய்தி. சித்தூருக்குக் கடலில்லை; கூண்டும் இல்லை. ஆனால் அந்தப் புயல் கொண்டுவரும் மழையில் கணிசமான பகுதி நகரி மலைகளிலும் சேஷாசலத்திலும் கொட்டித் தீர்க்கும். கப்பலுக்காகப் பிறந்த ஓர் எச்சரிக்கை முறை ஏரிக்கரையை வந்தடைய ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. இன்றும் அது முழுமையாக வந்துசேரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் 1864. அவ்வாண்டு அக்டோபரில் கல்கத்தாவையும் அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தையும் புயல்கள் அழித்தன. 1865இல் கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறை அமைந்தது. சென்னையில் 1893 முதல் நாள்தோறும் வானிலை அறிக்கை அச்சாயிற்று. 1898இல் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே மாதிரிக் குறியீடுகள் வந்தன. இவை அனைத்தும் மாலுமிகளையும் கப்பல் முதலாளிகளையும் எண்ணிச் செய்யப்பட்டவை. உள்நாட்டுக்குக் கிடைத்தது தந்தி மட்டுமே. ஆட்சியர், ரயில்வே அதிகாரிகள், பாசனப் பொறியாளர்கள் எனப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குக் கனமழைத் தந்தி போகும்.

கரை கடந்த புயலுக்குக் கடல்நீரின் வெப்பமும் ஈரமும் கிடைப்பதில்லை. சில மணி நேரத்தில் காற்று தளர்ந்துவிடும். ஆனால் கீழைக்காற்றில் வந்த ஈரம் மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. ஆகவே இந்த வட்டாரத்தின் புயல் பெரும்பாலும் நீர்தான். 1903 நவம்பர் 12இல் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியபோது அங்கே புயல் வீசவில்லை. மேலே கோலார்ப் பகுதியில் பேத்தமங்கலம் ஏரி உடைந்திருந்தது. வாணியம்பாடிக்கு வருமுன் அந்த ஆறு கடப்பது இன்றைய சித்தூர் மாவட்டத்தின் குப்பம் பகுதியை. வடஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களிலிருந்து பிரித்தெடுத்த பகுதிகளைச் சேர்த்து 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது, இப்படி ஒன்றின் கீழ் ஒன்றாக அமைந்த ஏரிச் சங்கிலிகளும் அதனோடு வந்தன.

தந்தி ஆட்சியர் அலுவலகம் வரைதான். அங்கிருந்து தாசில்தார், கிராம முன்சீப், தலையாரி என்று இறங்கித் தண்டோராவாக ஊருக்குள் நுழைய வேண்டும். அதற்குள் பெரும்பாலும் மழையே வந்துவிடும். ஊர் நம்பியது நீர்க்கட்டியை. மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. அடைமழை இரவில் லாந்தருடன் கரையில் நடந்து கசிவு பார்ப்பதும் அவரே. கலங்கல் எப்போது வழியும், கரையில் நலிந்த இடம் எது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வானிலைத் துறை வரலாறுகளில் அவருக்கு இடம் கிடைத்ததில்லை. எச்சரிக்கையின் கடைசிக் கண்ணி அவர்தான் என்பது என் கருத்து. 1984இல் ஆந்திர அரசு கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. பரம்பரை அதிகாரத்தை ஒழித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அதே காலத்தில் ஆழ்துளைக் கிணறு பெருகி ஏரிப்பாசனம் தளர, நீர்க்கட்டியும் மெல்ல மறைந்தார்.

1977 நவம்பர் 19 புயலில், கிருஷ்ணா கழிமுகத்துத் திவிசீமாவில் பல்லாயிரம் பேரைக் கடல் கொண்டுபோன பிறகு அரசின் கவனம் முழுவதும் கரையோரத்தில் குவிந்தது, அது இயல்பே. இன்சாட் செயற்கைக்கோள் வழியாக வட்டார மொழியில் எச்சரிக்கை ஒலிபரப்பும் கருவிகள் வந்தன. நாடு முழுவதும் நிறுவப்பட்ட 352இல் ஏறத்தாழ 100 ஆந்திரக் கரையில் இருந்தன. உள்நாட்டுக்கென ஓர் ஏற்பாடு, ஒடிசாவின் 1999 பெரும்புயலை ஒட்டி வந்தது. எச்சரிக்கை நான்கு கட்டமாயிற்று. அதில் நான்காவது, கரை கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்பே, புயல் உள்ளே எப்பக்கம் போகும், அங்கே வானிலை எப்படி இருக்கும் என்று சொல்வது. சித்தூரைப் பொறுத்தவரை முதல் மூன்றைவிட முக்கியமானது இதுவே.

இதற்கிடையே வட்டாரத்துக்குள்ளேயே ஒரு விந்தை நடந்தது. திருப்பதி அருகே காதங்கியில், 1024 ஆண்டெனாக்கள் கொண்ட 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் 1990களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. 2005இல் அந்த ரேடார் நிலையம் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் என்று பெயர் பெற்றது. தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்துக் காற்றை ரேடார் நேர்மேலாக அளக்கும். ஆய்வுக் கருவி அது. எந்த மண்டலத்தில் எத்தனை மணிக்கு மழை என்று சொல்வது அதன் வேலையன்று. அந்த வேலை சென்னை, ஸ்ரீஹரிகோட்டா டாப்ளர் ரேடார்களுடையது. தொலைவு கூடக்கூட அவற்றின் கதிர் மேலெழுந்துவிடும். குறுக்கே மலைகள் வேறு. பள்ளத்தாக்குகளில் தாழ்வாகப் பெய்யும் மழையில் ஒரு பகுதி அவற்றின் பார்வைக்குத் தப்பிவிடும்.

2021 நவம்பர் இந்த இடைவெளிகளை அம்பலப்படுத்தியது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 19ஆம் தேதி அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரை கடந்தது. புயலாகக்கூட வலுக்கவில்லை, பெயரும் பெறவில்லை. ஆனால் 18ஆம் தேதியே திருமலைக்கு ஏறும் அலிபிரிப் படிகளில் வெள்ளம் அருவியாக இறங்கியது. திருப்பதித் தெருக்களில் வண்டிகள் மிதந்தன. மேட்டுநிலங்களில் பெய்த மழை பாகுதா, பிஞ்சா ஆறுகளில் இறங்கிச் செய்யேறாகி, கடப்பை மாவட்டத்தில் அன்னமய்யா அணையை உடைத்தது. மழை ஒரு மாவட்டத்தில், சாவு இன்னொன்றில். மழை ஓய்ந்த பிறகு திருப்பதி அருகே ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு, கீழுள்ள ஊர்களைக் காலி செய்யவேண்டி வந்தது. டிசம்பர் 1இல் திருமலையின் இரண்டாம் மலைப்பாதையில் பாறைகள் சரிந்தன.

வானிலைத் துறையின் அளவுகோல் 24 மணி நேர மழை: 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதிகனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் இந்த எல்லைகளை ஒட்டியே பெரிதும் தீர்மானமாகின்றன. ஏற்கெனவே நிரம்பி நிற்கும் ஏரிக்கு 70 மி.மீ. போதும், வறண்ட ஏரி 200 மி.மீ. மழையையும் வாங்கிக்கொள்ளும். அந்த வேறுபாடு நிறத்தில் தெரியாது. நீர்க்கட்டி அறிந்திருந்தது அதைத்தான்.

கோடைக்காற்றின் கதை வேறு. மே மாத இடிமழையோடு வரும் சூறையில் பெங்களூரா மாங்காய்கள் தோப்பு தோப்பாக உதிரும். அடுத்த மூன்று மணி நேரத்துக்கென வரும் உடனடி எச்சரிக்கை, மரத்தடியிலிருந்து ஆளை விலக்கும். இடிமின்னலில் அது உயிர் காப்பது. காயைக் காக்காது.

2022 ஏப்ரல் 4இல் மாவட்டங்கள் பிரிந்தபோது சூளூர்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் திருப்பதி மாவட்டத்துக்கு வந்தன. மலைக்கோயில் நகரம் திடீரென ஒரு கடற்கரை மாவட்டத்தின் தலைநகரானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையை ஒட்டி வடக்கே நகர்ந்து 5ஆம் தேதி பாபட்லா அருகே கரை கடந்தபோது, கரையோர வாகாடு மீனவருக்கும் திருமலை யாத்திரிகருக்கும் ஒரே ஆட்சியர் அலுவலகமே பொறுப்பு. சித்தூர் மாவட்டத்துக்கு இன்றும் கடல் இல்லை.