சிறார் பாடத்தில் ஹாரியட் டப்மன் வரலாறு

அடிமை வாழ்வையும் விடுதலைப் பயணத்தையும் அமெரிக்கத் தொடக்கப்பள்ளிச் சிறார்க்கு உணர்த்தப் பெரிதும் எடுத்தாளப்படுவது ஹாரியட் டப்மன் வரலாறாகும். மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்த இவ்வம்மையார் 1849-இல் தப்பிப் பென்சில்வேனியாவை அடைந்தார். பின்னர்ப் பலமுறை திரும்பிச் சென்று பிறரையும் மீட்டார். 19 பயணங்களில் 300 பேரை மீட்டார் என்பது சாரா பிராட்ஃபோர்டு எழுதிய வாழ்க்கை வரலாற்றால் பரவிய கூற்று. கேட் கிளிஃபோர்டு லார்சன் 2004-இல் வெளியிட்ட ஆய்வோ ஏறத்தாழ 13 பயணங்கள், 70 பேர் எனக் காட்டுகின்றது.

எண் குறைந்தமையால் அவர் பெருமை குன்றுமோ எனின், குன்றாது என்போம். 1850-இல் இயற்றப்பெற்ற தப்பியோடிய அடிமைகள் சட்டத்தால் வடமாநிலங்களிலும் பிடிபடும் அச்சம் மிக்கது. ஆதலின் மீட்டோரைக் கனடா வரை அழைத்துச் செல்ல நேர்ந்தது. பெற்றோரையும் உடன்பிறந்தார் சிலரையும் மீட்ட அவரால் தங்கை ரேச்சலை மீட்க இயலவில்லை. பன்முறை முயன்றபின் 1860-இல் சென்றபொழுது, ரேச்சல் முன்னரே இறந்தமை தெரியவந்தது.

300 என்னும் எண் தப்புதலை எளிதெனக் காட்டும். ரேச்சலின் முடிவோ அடிமைமுறையின் கொடுமையைக் காட்டும். சிறார்க்கு முதற்கண் உரைக்கத்தக்கது பின்னதே என்பது எம் துணிபு.